செம்மொழிப் பூங்காவில் ஒரு பலகை வேண்டும்: தோட்டக்கலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். செம்மொழிப் பூங்காவை நீங்கள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பூங்காவைப் பற்றிய புகார் இல்லை. மலர்க் கண்காட்சிக்கு வீட்டோடு வருகிறவர்களில் நானும் ஒருவன். ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் இவ்வளவு பச்சையாக ஓர் இடம் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம், அதை எந்த மாலும் விழுங்கிவிடாமல் மக்கள் நடந்து திரியும்படி விட்டதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். கதீட்ரல் சாலை வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், 1962 முதல் 2008 வரை இங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது என்று ஒரு பலகை வையுங்கள். மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்திருக்கிறீர்கள், அதன் தாவரவியல் பெயர்கூட எழுதியிருக்கிறீர்கள். அந்த மரங்களில் வயதானவை எல்லாம் பூங்கா வருவதற்கு முன்பே அங்கே நின்றவை. அவற்றின் நிழலில்தான் நாற்பத்தாறு வருடம் இந்த ஊர் காபி குடித்தது. 2010 நவம்பரில் பூங்கா திறந்தபோது பிறந்த பிள்ளைகள் இன்னும் கொஞ்ச வருடத்தில் கல்லூரிக்குப் போகப் போகிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், இங்கே ஓர் ஓட்டல் இருந்ததே தெரியாது. நாம் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த நிலம் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் கையில் இருந்தது. 1835-ல் தொடங்கிய சங்கம் அது. அவர்களிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ் 1962-ல் டிரைவ்-இன்னைத் திறந்தார். தென் கன்னடத்திலிருந்து ஏழைப் பையனாக மெட்ராசுக்கு வந்து, ஓட்டலில் மாவரைத்து, பரிமாறி, பிறகு மவுன்ட் ரோட்டில் சொந்தமாக உடுப்பி ஓட்டல் வைத்து, 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமான ஒரு பங்களாவைப் பிடித்து அங்கே ஓட்டல் தொடங்கினார். அந்தப் பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். பிறகு ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் வந்தது, அது இன்றும் நடக்கிறது. ஆனால் ஊருக்குள் அத்தனை பேருக்கும் சொந்தமான இடம் என்றால் அது டிரைவ்-இன்தான்.

முதலில் அதை நான் பார்த்தது பெரியப்பாவின் பியட் காரின் பின் சீட்டிலிருந்து. கார் மரத்தடியில் போய் நிற்கும். சர்வர் ஜன்னல் பக்கம் வந்து ஆர்டர் எடுப்பார். அப்புறம் ஒரு தட்டு வரும் பாருங்கள், சாதாரணத் தட்டு இல்லை, ஓரத்தில் கொக்கி வைத்தது. பாதி இறக்கிய கண்ணாடியில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டால் தட்டு கதவோடு ஒட்டிக்கொண்டு வெளியே நிற்கும். அதன்மேல் இட்லி, வடை, சாம்பார்க் கிண்ணம், தண்ணீர் டம்ளர், டபரா எல்லாம் வரிசையாக இருக்கும். நாங்கள் பின்னால் கொஞ்சம் எகிறினால் போதும், சாம்பார் தளும்பும். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்வரை அந்தப் பக்கக் கதவைத் திறக்கக் கூடாது. பெரியம்மாவுக்கு அதே கவலை, கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டே சாப்பிடுவார். காக்கை வேறு. தட்டு மாட்டிய நிமிஷத்திலிருந்து அது கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும், வடையை விட்டுவிட்டுச் சட்னிப் பக்கம் திரும்பினால் போச்சு. ஓட்டலுக்குப் போவதே வருஷத்துக்கு ஒருமுறை என்றிருந்த எங்கள் வீட்டில், காரைவிட்டு இறங்காமலே சாப்பிடுவது என்பது பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் சொல்லிக்கொள்ளக்கூடிய சமாச்சாரம்.

ஆனால் கார் வைத்திருந்தவர்களுக்கான இடம் மட்டுமாக அது இருந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். உள்ளே மேசை நாற்காலி போட்ட பகுதி உண்டு, நீங்களே வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிற பகுதியும் உண்டு. சைக்கிளில் வந்தவரும் பல்லவன் பஸ்ஸில் வந்தவரும் அங்கேதான் உட்கார்ந்தார்கள். பக்கத்து ஸ்டெல்லா மேரிஸ் பெண்கள், ஜெமினி பக்கம் கதை சொல்லி வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த உதவி இயக்குநர்கள், எதிரே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு நின்று முடித்து முகத்தில் ரிசல்ட்டோடு வருகிறவர்கள், பெண் பார்த்தல் மாதிரியும் இல்லாமல் சும்மா பார்த்துக்கொண்ட மாதிரியும் இல்லாமல் இரண்டு குடும்பங்கள். இவர்களோடு நாங்கள்.

நாங்கள் என்றால் மெடிக்கல் ரெப்கள், மருந்துக் கம்பெனிக்காகப் டாக்டர்களைப் பார்த்து மருந்துகளைப் பற்றி எடுத்துச் சொல்கிறவர்கள். தொண்ணூறுகளில் நான் ரெப்பாக இருந்தேன். அந்த வேலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் ஆஸ்பத்திரி ஓ.பி.யில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், டாக்டர்களைப் பார்க்க வேண்டும். அது மதியத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து கிளினிக், அது சாயங்காலம் டாக்டர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான். நடுவில் நாலைந்து மணி நேரம், சென்னை வெயிலில், டை கட்டிக்கொண்டு, தோள் இறங்குகிற கனத்தில் சாம்பிள் பையோடு எங்கே போவது? எங்களுக்கு ஆபீஸ் கிடையாது. கம்பெனி பம்பாயில் இருக்கும், ஏரியா மேனேஜர் டூரில் இருப்பார். வீடு தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ இருக்கும், போய்த் திரும்ப பெட்ரோல் யார் கொடுப்பது? ஆகவே நகரத்து ரெப்களுக்கு எல்லாம் டிரைவ்-இன்தான் ஆபீஸ். டெய்லி ரிப்போர்ட் அங்கே எழுதினோம். மேனேஜர் வந்தால் மீட்டிங் அங்கே. எந்த டாக்டர் இன்று ஊரில் இல்லை, எந்த மொத்த மருந்து வியாபாரியிடம் சரக்குத் தேங்கியிருக்கிறது, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கும். போட்டிக் கம்பெனிக்காரன்தான் பக்கத்தில் இருப்பான், இருந்தாலும் அவன் வராத நாளில் அவனுக்கும் சேர்த்து நாங்கள் கவலைப்படுவோம். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பையன் டாக்டர் முன்னால் திக்கித் திணறி வெளியே வந்து அழுதுவிட்டான் என்றால், அவனை அங்கே உட்காரவைத்து ஒரு காபி வாங்கிக்கொடுத்து, அவன் மருந்தைப் பற்றி அவனையே பத்துத் தடவை சொல்லவைத்துத் தயார் பண்ணி அனுப்பிய சீனியர்கள் இருந்தார்கள். என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

இதில் ஓட்டலின் பங்கு என்ன என்று கேட்டால், அவர்கள் எங்களை எழுப்பவில்லை. அதுதான். ஒரு காபியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். பில்லை மேசையில் வைத்துவிட்டு, துணியால் மேசையைத் துடைக்கிற சாக்கில் நம்மைக் கிளப்புகிற வித்தை எல்லா ஓட்டலிலும் உண்டே, அதை நான் டிரைவ்-இன்னில் பார்த்ததில்லை. மாசக் கடைசியில் கையில் காசில்லாமல் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு ரிப்போர்ட் எழுதியவர்களையும் எனக்குத் தெரியும். வயதான சர்வர் ஒருவர் இருந்தார், குந்தாபுரா பக்கத்துக்காரர், கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். நாங்கள் வந்து உட்கார்ந்தால் கேட்காமலே தண்ணீர் வரும், காபி நாங்கள் கூப்பிட்டால்தான் வரும். அந்த வித்தியாசத்தை அவர் தெரிந்துதான் செய்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பழைய ஆட்கள் என்னைத் திட்டுவார்கள். சோளா பட்டூரா. தட்டை அடைத்துக்கொண்டு உப்பி வரும், விரலால் ஒரு ஓட்டை போட்டதும் ஆவி முகத்தில் அடிக்கும், உள்ளே வெற்றிடம், கீழ்ப் பக்கம் மெத்தென்று, மேல் பக்கம் காகிதம்போல் மெல்லிசாக. கூட வருகிற கொண்டைக்கடலையில் வெங்காயமும் எலுமிச்சையும் இருக்கும். சம்பளம் வந்த நாளில் அது, மற்ற நாளில் ரவா தோசை. ரவா தோசை நேரமாகும், அதுவும் எங்களுக்கு வசதி. ஓரமெல்லாம் முறுகி, நடுவில் மிளகும் இஞ்சியும் கடிபட, வலைவலையாக வரும். காபியில் சிக்கரி எவ்வளவு என்று தெரியாது, ஆனால் டபராவிலிருந்து ஆற்றி ஊற்றுகிறபோது வருகிற வாசனை அந்த மரத்தடியில் எப்போதும் இருந்தது. அதே காபியை இன்று யாராவது வேறு எங்காவது போட்டுத் தரலாம், முடியாது என்று சொல்ல மாட்டேன். அந்த நிழலும் அந்த இரண்டு மணி நேரமும் சேர்த்துத் தர ஆளில்லை.

ஏன் இல்லை என்பதும் புரியாமல் இல்லை. அண்ணா சாலையை ஒட்டி ஏக்கர் கணக்கில் நிலத்தைப் பழைய குத்தகையில் வைத்திருந்ததால்தான் ஒரு காபிக்கு இரண்டு மணி நேரம் என்பது கட்டுப்படியானது. இன்றைய வாடகையில் ஓட்டல் நடத்துகிறவர் ஒரு நாற்காலியில் மதியத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்று கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. உடுப்பிப் பக்கத்திலிருந்து பையன்கள் வேலைக்கு வருவதும் எப்போதோ நின்றுபோனது. முதலாளி வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், நல்லதுதான். சொந்த இடத்தில் ஓட்டல் வைத்திருப்பவருக்கு அதை விற்றால் வருகிற பணம், தலைமுறை தலைமுறையாகத் தோசை சுட்டாலும் வராது என்கிறபோது யார்தான் விற்காமல் இருப்பார்கள்?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தாசப்பிரகாஷை எடுத்துக்கொள்ளுங்கள். சீதாராம ராவ் கட்டியது. எழும்பூரில் ரயில் இறங்கியவர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று அந்தக் கட்டடமே ஓர் ஊர் மாதிரி இருக்கும். அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டது ஒரு தலைமுறைக்கே நினைவிருக்கும், பரீட்சையில் பாஸானால் தாசப்பிரகாஷ் என்று பேரம் பேசிய வீடுகள் எத்தனை! இன்று அந்த ஓட்டலும் இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. லஸ் முனையில் சாந்தி விகார் போனதை மயிலாப்பூர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். இவை பெயர் தெரிந்தவை. ஒவ்வொரு பேட்டையிலும் பெயர்ப்பலகைகூட மங்கிப்போன மெஸ்கள், டீக்கடை பெஞ்சுகள், பிரியாணிக் கடைகள் எத்தனையோ, ஷட்டரை இறக்கிய மறுநாள் அவை இருந்ததற்குச் சாட்சியே கிடையாது.

2010-ல், இடிக்கப்படவிருந்த அண்ணா சாலைப் பழைய கட்டடமான பாரத் இன்சூரன்ஸ் பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, மரபுக் கட்டடங்களைக் காப்பதற்கு ஒரு குழு வந்தது. 2012-ல் மரபு ஆணையத்துக்கென்று சட்டமும் வந்தது. எல்லாம் தேவைதான். ஆனால் காக்கப்படும் மரபுக் கட்டடங்களின் பட்டியலில் இடம்பிடிக்கக் கோபுரமோ தூணோ வளைவோ இருந்தாக வேண்டும். டிரைவ்-இன்னில் என்ன கட்டடம் இருந்தது? மரமும் மேசையும்தான். மனிதர்கள் வந்து உட்கார்ந்த இடம் என்பதற்காக எந்தச் சட்டமும் ஓர் இடத்தைப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

உட்கார்ந்த இடம் என்பது லேசான விஷயம் இல்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊர் ஓட்டல்களில் ஒரு காலத்தில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெயர்ப்பலகையிலேயே 'பிராமணாள்' என்று எழுதியிருந்தார்கள். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் கைதாகிச் சிறைக்குப் போனார்கள், அதற்குப் பிறகுதான் அந்த எழுத்து அழிந்தது. அதிலிருந்து ஐந்தே வருடத்தில் திறந்தது டிரைவ்-இன். சாதி கேட்காமல், என்ன வேலை என்று கேட்காமல், எவ்வளவு நேரம் என்றும் கேட்காமல் எல்லோரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து காபி குடித்தது சும்மா கிடைத்ததில்லை. ஆகவே சுகமான நினைவுகளை மட்டும் எழுதிவைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முரளி கபே கதையும் எழுதப்பட வேண்டும், டிரைவ்-இன் கதையும் எழுதப்பட வேண்டும், ஒன்றில்லாமல் இன்னொன்று பாதிக் கதை.

சரி, உங்களால் ஆகக்கூடியதற்கு வருகிறேன். திருவல்லிக்கேணியிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் பலகை வைக்க மாநகராட்சியிடம்தான் போக வேண்டும், போகிறேன். ஆனால் டிரைவ்-இன் இருந்த நிலம் உங்கள் துறையிடம் இருக்கிறது. மூடிய ஓட்டல்களில் பெரும்பாலானவை தனியார் கைக்குப் போய்விட்டன, அங்கே பலகை வைக்கச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. இந்த ஒன்று மட்டும்தான் அரசின் கையில், பழைய மரங்களோடு, பொதுமக்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வரும்படி இருக்கிறது. யாரிடமும் நிலம் கேட்க வேண்டாம், வழக்குப் போட வேண்டாம். எதிர்ப்புறத்தில் 2024-ல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் வந்த பிறகு அந்தப் பக்கம் கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது, வருகிறவர்களில் பாதிப் பேர் இருபது வயதுப் பிள்ளைகள். பலகை வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் கிடையாது.

பலகையில் நிறைய எழுத வேண்டாம். ஓட்டலின் பெயர், தொடங்கியவர் பெயர், தொடங்கிய வருடம், மூடிய வருடம், கார் ஜன்னலில் தட்டு மாட்டிய ஒரு படம் போதும். படம் இல்லை என்று சொல்ல வேண்டாம், ஒரு அறிவிப்புக் கொடுத்தால் ஊரே கொண்டுவந்து கொடுக்கும். பழைய ஆல்பங்களில் ஒரு மூலையில் அந்த மரமும் அம்பாசிடர் காரும் இருக்கிற போட்டோ இல்லாத வீடு அடையாறிலும் ராயப்பேட்டையிலும் குறைவு. கொக்கித் தட்டு ஒன்று யார் வீட்டிலாவது கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அதை மாட்டுவதற்கு ஒரு பழைய கார்க் கதவும் கிடைத்துவிட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தவுடனே புரிந்துகொள்வார்கள், விளக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, முடிந்தால். வருகிறவர்களுக்காகப் பூங்காவுக்குள் காபி விற்க யாருக்காவது அனுமதி கொடுக்கும்போது, வாங்கியவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கேயே மரத்தடியில் உட்காரலாம் என்பதை ஒரு நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள். ரெப்கள் இன்றும் இருக்கிறார்கள். கையில் டேப்லெட் வந்துவிட்டது, பை கொஞ்சம் லேசாகியிருக்கிறது, ஆனால் மதியம் போக இடமில்லாதது மாறவில்லை. அவர்களோடு இப்போது ஸ்விக்கி, ஜொமாட்டோ பனியன் போட்ட பையன்களும் மேம்பாலத்து நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த நாற்காலி இவர்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 22 சென்னை நாள். அதற்குள் பலகையை வைக்க முடிந்தால் நல்லது. தள்ளிப்போடாதீர்கள் என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் கடைசி நாள்வரை அங்கே வேலை பார்த்த சர்வர்கள், சமையல்காரர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். சென்னையில் சிலர் இருப்பார்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் பலர் இருப்பார்கள். நியூ உட்லண்ட்ஸில் விசாரித்தால் தகவல் கிடைக்கலாம், தேடிப் பிடிக்கிற வேலையில் என்னைப் போன்ற பழைய ரெப்கள் கூட நிற்கிறோம், ஊர் ஊராகப் போய் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழிலே. அவர்களை வரவழையுங்கள், பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள். பலகையைத் திறந்துவைக்க அமைச்சர் வரட்டும், அதிகாரிகள் வரட்டும், ஆனால் திரையை விலக்குகிறவர் அங்கே தட்டு மாட்டிய ஒருவராக இருக்க வேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
தொண்ணூறுகளில் அந்த மரத்தடியில் ரிப்போர்ட் எழுதிய ஒரு மெடிக்கல் ரெப்